வாச்சைக் கழட்டிவிட்டுப் பேசியவர்

எனக்கு எழுபத்து நாலு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது ஏழு. மிச்சம் மூணும் கொழுந்தன் பிள்ளைகள். அவர் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் என் அடுப்படியில் வளர்ந்தன. ஏழில் ஒன்றைக்கூட "மூச்சை இழு, மூச்சை விடு" என்று சொல்லி நான் வளர்க்கவில்லை. அதுகளாகவே இழுத்து அதுகளாகவே விட்டுக்கொண்டு இன்றைக்கு எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன.

மூணாப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் எழுதுவேன். எனக்கென்ன, பஸ்ஸா போய்விடப் போகிறது? இது எங்கள் மாடியில் குடியிருந்த ஒரு தம்பியைப் பற்றி. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார் என்பதற்காக இல்லை. "பரவாயில்லைங்க ஆத்தா" என்பார். அந்த வார்த்தையை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அறந்தாங்கியில் எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரம். கீழே நான், ஒட்டுச்சுவருக்கு அங்கிட்டு என் நாத்தனார், மாடியில் குடித்தனம். அந்தத் தம்பி கொரியர் ஆபீஸ் மேனேஜராக இங்கே மாற்றலாகி வந்தார். முப்பது வயசு இருக்கும். படிய வாரின தலை, மடிப்புக் கலையாத சட்டை, யார் என்ன சொன்னாலும் ஆடுகிற தலை. பெண்டாட்டி இலுப்பூரில் டீச்சர். சனிக்கிழமை ராத்திரி புதுக்கோட்டை போய் பஸ் மாறி இலுப்பூர் போவார், திங்கள் விடிய வந்துவிடுவார்.

குடிவந்த மறுநாள் காலையில் மாடியில் பொம்பளைக் குரல் கேட்டது. குழைவான குரல். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த நான் விளக்குமாற்றோடு மாடியேறினேன்.

"யாரு தம்பி உள்ள?"

"யாருமில்லைங்க ஆத்தா. ஆப்."

சுவரில் போனைச் சாய்த்து வைத்து அதற்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தார். போன்தான் பேசிக்கொண்டிருந்தது. "மெதுவாக மூச்சை இழுங்கள். உங்கள் கவலை ஒரு மேகம். அது போகட்டும்." இவரும் கண்ணை மூடி மேகத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். நான் விளக்குமாற்றைத் தாழ்த்திக்கொண்டு இறங்கி வந்தேன்.

மேகத்துக்கு ஒரு ஆப் என்றால், தண்ணீர் குடிக்க ஒன்று. அது கூவினால் பந்தியில் சோறு பிசைந்துகொண்டிருந்தாலும் இடது கையால் பாட்டிலைத் தூக்குவார். தூங்குவதற்கு ஒன்று, அது மழைச் சத்தம் போடும். முதல் தடவை கேட்டபோது நான் எழுந்து கொடியில் கிடந்த துணியெல்லாம் எடுத்துவிட்டேன். நடக்கிறதுக்கு ஒன்று. சாயந்திரம் மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றி வருவார், கீழே என் தலைக்கு மேல் மாவு இடிக்கிற மாதிரி இருக்கும். அசதியாக வந்த நாளில் நடக்க மாட்டார். கட்டிலில் படுத்தபடி போனைப் பிடித்து ஆட்டுவார்.

"என்ன தம்பி, வெஞ்சாமரம் வீசுறீங்க?"

"நடை கொறஞ்சா அது மனசு கஷ்டப்படற மாதிரி மூஞ்சி காட்டுதுங்க ஆத்தா."

அவருடைய குணம் அதுதான். யார் மூஞ்சி கோணினாலும் தாங்க மாட்டார். மனுசன் மூஞ்சிதான் என்று இல்லை, போனுக்குள் இருக்கிற மூஞ்சிக்கும் பயந்தார்.

ஒரு நாள் பேரனுக்கு மாங்காய் ஊறுகாய் அனுப்ப அவர் ஆபீஸுக்குப் போனேன். உள்ளே ஒருவர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில பிள்ளைக்குக் காதுகுத்துய்யா! மாமன் துணி எங்க? மச்சினன் திருப்பூர்ல இருந்து பஸ்ல வந்து எறங்கிட்டான். அவன் ஒங்ககிட்டக் குடுத்து அனுப்பின துணியத்தான் காணோம். மாமன் துணி உடுத்தாம பிள்ளைய மடியில வச்சா ஊரு சிரிக்காதா?"

தம்பியின் கையில் கட்டியிருந்த கறுப்பு வாச்சு உர்ரென்றது. உடனே, "ஒரு நிமிசம்ங்க" என்று சொல்லி இரண்டு கையையும் மடியில் வைத்துக் கண்ணை மூடிவிட்டார்.

திட்டிக்கொண்டிருந்தவர் மிரண்டு போனார். "எப்பா, ஆளு மயங்கிட்டாருப்பா! சத்தம் போட்டதுக்கா மயங்குவாக? ஓடு, சோடா வாங்கியா!" வாங்கி வந்த சோடாவை மூஞ்சியில் அடித்தார்கள். புருவத்தில் சோடா சொட்டச் சொட்டக் கண்ணைத் திறந்து தம்பி சொன்னது: "பரவாயில்லைங்க."

காதுகுத்துத் துணி அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே கிடந்தது. கண்ணை மூடுகிற நேரத்துக்குத் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த வாச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணி பார்க்கிற வாச்சு இல்லை, நாடி பார்க்கிற வாச்சு. வேலை நெருக்கடியில் மேனேஜர்கள் மனசு கெட்டுவிடக் கூடாது என்று கம்பெனியே எல்லாருக்கும் கொடுத்தது. மனசு நன்றாக இருந்தால் அதில் பச்சை, கொஞ்சம் கலங்கினால் மஞ்சள், கொதித்தால் சிவப்பு. என்ன நிறம் என்பது சென்னையில் இருக்கிற பெரிய ஆபீஸுக்கும் போய்விடுமாம். மாமியார் மருமகளைக் கண்காணிக்கிறதைப் பார்த்திருக்கிறேன். நானே செய்திருக்கிறேன். நாடிக்குள் இறங்கிப் பார்க்கிற மாமியாரை அப்போதுதான் பார்த்தேன்.

பெரிய ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி தினமும் பேசுவார். போனில் அந்தப் பெயர் விழுந்ததும் தம்பி எழுந்து நின்று, முதல் காரியமாக வாச்சைக் கழட்டித் துவைகல் மேலோ மாடிப்படிக் கைப்பிடியிலோ வைப்பார். அப்புறம்தான் போனை எடுப்பார். "சரிங்க சார். ஆளு கொறவுதான் சார். பரவாயில்லைங்க சார், நானே வண்டியில கொண்டுபோய்க் குடுத்துர்றேன் சார்." பேசி முடித்ததும் முந்தின நாள் விட்ட மேகத்தையும் சேர்த்து விரட்டுகிற மாதிரி மூச்சு விட்டு, நிதானமான பிறகு வாச்சைக் கட்டிக்கொள்வார்.

எனக்கு அது மரியாதை என்று பட்டது. என் மாமனார் காலத்தில் பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கும். இப்போது துண்டு இல்லை, வாச்சு இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருசம் அவர் பெண்டாட்டிக்கு ஏழாம் மாசம். தலைச்சன் பிள்ளை. தீபாவளிக்கு முந்தின வாரம் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன்னாலேயே பட்டாசும் துணியுமாகப் பார்சல் குவிந்து, ஞாயிற்றுக்கிழமை போய் வருவதும் நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் எனக்கே போன் போட்டது.

"ஆத்தா, நான் கோவத்துல சொல்லலை. அவுக எல்லாருக்கும் சரிங்கிறாக, எனக்கு மட்டும் பெறகுங்கிறாக. வளைகாப்பன்னிக்கு என் பக்கத்து மணை காலியாக் கெடந்துச்சுன்னா, அவுக அந்த வாச்சோடயே குடும்பம் நடத்திக்கிறட்டும். பிள்ளையப் பாக்கவும் வர வேணாம்னு சொல்லிருங்க."

சொன்னேன். தம்பி முகம் சுண்டிப்போனது. மறுநாள் லீவு கேட்டார். கேட்டுவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாக?"

"தீபாவளி நெருக்கத்துல யாருக்கும் லீவு இல்லையாம் ஆத்தா. வாச்சு செவப்பாகி மனசு சரியில்லைன்னு காட்டுனா மட்டும் ஓய்வு குடுப்பாகளாம்."

"ஒங்களுக்கு மனசு சரியில்லைதானே?"

"எனக்கு எப்பவும் பச்சையாவே இருக்காம். எல்லா ஆபீஸ்லயும் என்னை மாதிரி நிம்மதியான மேனேஜர் வேற யாருமே இல்லையாம். நிம்மதியா இருக்கிறவருக்கு லீவு எதுக்குங்கன்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்புத்தானே வேண்டும், அது என்ன கிடைக்காத சரக்கா? "கழட்டுங்க தம்பி" என்று வாச்சை வாங்கி என் கையில் கட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். எனக்கும் நாத்தனாருக்கும் இடையில் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. மரம் என் பக்கம், கம்பளிப்பூச்சி அவள் பக்கம். முப்பது வருசமாக அதில் எங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே வந்ததில்லை. சுவரோரம் நின்று ஒரு கூப்பாடு போட்டேன். அவள் வந்ததும் அவளை, அவள் ஆடு, கோழி, அவள் பிறந்த வீட்டுப் பெருமை, அது என் புகுந்த வீடும்தான் என்றாலும் அதையும் சேர்த்து, ஒன்று விடாமல் எடுத்தேன். தொண்டை வற்றும் வரைக்கும் பேசிவிட்டுக் கையைப் பார்த்தால், பச்சை. கிளிப்பச்சை.

"ஆத்தா, நீங்க தூங்குறீங்கன்னு காட்டுது" என்றார் தம்பி.

என்ன செய்வது? சண்டை போட்டால் எனக்கு மனசு லேசாகிவிடும். அது என் உடம்பு வாகு.

நாத்தனார் இத்தனைக்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அவள் சுபாவம் அப்படி. ஊரில் கேட்டால் அவளைத்தான் பொறுமைசாலி என்பார்கள், என்னைப் பற்றி வேறு சொல்வார்கள். சிரித்த முகத்தோடு, "அது என்ன அண்ணி கையில, புது வளையலா?" என்றாள். கட்டிப் பார் என்று சுவருக்கு மேலே கொடுத்தேன். அவள் கட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் பேசினதை மனசுல வச்சுக்காதடி" என்றேன்.

"நான் எதையும் மனசுல வச்சுக்கிறதே இல்லை அண்ணி" என்று சிரித்தாள்.

அவள் வாய் மூடவில்லை, வாச்சு செவேல் என்று ஆகி, வண்டு மாதிரி உர்ர் உர்ர் என்று துடித்தது.

தம்பி பதறிப்போய்ச் சுவரில் எக்கி, "ஐயோ, ஆபீஸுக்குப் போயிருமே!" என்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"அதுக்குத்தானய்யா கட்டுனது!" என்றேன்.

வாச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நாத்தனார் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், வாச்சைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். மரியாதைக்காக அவர் வாச்சைக் கழட்டவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அதிகாரியோடு பேசும்போது தன் நாடி என்ன பாடு படும் என்று அவருக்குத் தெரியும். அது அதிகாரிக்குத் தெரிந்தால் அவர் மனசு கஷ்டப்படுமே என்று கழட்டி வைத்திருக்கிறார். பச்சைப் பச்சையாக அவரே நட்டு வளர்த்த பொய், இப்போது அவர் லீவை மேய்ந்துவிட்டது.

மறுநாள் அதிகாரி பேசினார். தம்பி கை பழக்கத்தில் வாச்சுக்குப் போனது. நான் துவைகல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கழட்டவில்லை. "சரிங்க சார்" என்றார், மஞ்சள். "பரவாயில்லைங்க சார்" என்றார், சிவப்பு. பேசி முடிக்கிற வரைக்கும் சிவப்பு இறங்கவே இல்லை. எனக்குக் குலவை போடலாம் போல இருந்தது.

சாயந்திரமே சென்னையிலிருந்து ஒரு அம்மா பேசியது. குரல் பால்கோவா. போனைச் சத்தமாக வைத்திருந்ததால் நானும் கேட்டேன். "உங்க மனநலத்துல எங்களுக்கு ரொம்ப அக்கறை சார். வர்ற வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஆபீஸ் வேலை கிடையாது. வேற ஆளை அனுப்பறோம்."

வெள்ளிக்கிழமைதான் வளைகாப்பு. தம்பி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அன்னிக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் போன்ல மன அமைதி வகுப்பு சார். வீட்டுல தனியா உட்கார்ந்து, வாச்சு கட்டிக்கிட்டு கவனிக்கணும். அது முடிஞ்ச பிறகுதான் ஓய்வைப் பத்தி யோசிப்போம்."

ஆபீஸைப் பார்க்க அவர்களிடம் ஆள் இருக்கிறது பாருங்கள். வளைகாப்புக்கு இல்லாத ஆள் மூச்சு விடுகிற வகுப்புக்கு எங்கிருந்தோ முளைத்துவிட்டான்.

"பரவாயில்லைங்க மேடம்" என்றார் தம்பி.

அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை. வியாழக்கிழமையும் பேசவில்லை. குழம்பு கொடுத்தனுப்பவும் இல்லை. சொல்லிக்கொடுத்து ஆண்பிள்ளை ஆக்குகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கதவைத் தட்டினார். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு. ஒரு கையில் போன், ஒரு கையில் வாச்சு.

"ஆத்தா, மத்தியானம் வரைக்கும் இதைக் கட்டிக்கிறீங்களா? நம்ம மூஞ்சியும் தெரியாது, நம்ம பேசுறதும் கேக்காது. எல்லாத்தையும் அமத்தி வச்சிருக்கேன்."

"கண்டுபிடிச்சிட்டாகன்னா?"

வாயைத் திறந்தார். அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. "கண்டுபிடிக்கட்டும் ஆத்தா" என்றார். கட்டிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அவர் பஸ் ஏறினார். நான் வகுப்பில் உட்கார்ந்தேன். மூச்சை இழு என்றது, இழுத்தேன். தோளைத் தளர்த்து என்றது. அது தளர்ந்து பல வருசம் ஆச்சு. அப்புறம், "ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். அலைகள் வருகின்றன. படகுகள் மிதக்கின்றன. உங்கள் மனம் அமைதியடைகிறது" என்றது.

நான் பார்த்த கடற்கரை ஜெகதாப்பட்டினம்தான். என் அக்காளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. ஐஸ் கம்பெனி இரைச்சலும், வலைக் கவிச்சியும், போன படகு திரும்பாமல் பெண்பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து கிடந்ததும் ஞாபகத்துக்கு வந்தன. எல்லை தாண்டினான் என்று அக்காள் மகனைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அந்த அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி வந்தான். ஆனால் அவள் அந்தப் பார்வையிலிருந்து திரும்பி வரவில்லை. கையில் உர்ரென்றது. பார்த்தேன், மஞ்சள். நாத்தனாரோடு முப்பது வருசம் கத்தியும் வராத மஞ்சள்.

எனக்குத் திக்கென்றது. சிவப்பாகிவிட்டால் அந்த அம்மா தம்பியைக் கூப்பிட்டுப் பேசும், குட்டு உடைந்துவிடும். அந்த நேரம் பார்த்துச் சாமி அனுப்பினாற்போல் சுவருக்கு அங்கிட்டிருந்து, "அண்ணி, பூச்சி கொட்டுது" என்று குரல் வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்று, வகுப்பு முடிகிற வரைக்கும் விட்டு விளாசினேன். பச்சை, பச்சை, பச்சை. அவளும் அன்றைக்கு என்ன நினைத்தாளோ, முதல் தடவையாக நாலு வார்த்தை திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளுக்கே முகம் தெளிந்துபோனது.

கடைசியில் அந்தக் குரல் சொன்னது, இந்த வகுப்பிலேயே அதிகமாக அமைதி அடைந்தவர் அறந்தாங்கி மேனேஜர் என்று.

மறுநாள் தம்பி வந்தார். மணையில் உட்கார்ந்த கதையைச் சொன்னார். சந்தனம் பூசும்போது கை தன்னால் மணிக்கட்டைத் தடவியதாம். பெண்டாட்டி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டதாம். பிறகு தாளில் சுற்றியதை எடுத்து வைத்தார். பச்சைக் கண்ணாடி வளையல்.

"எனக்கா? புருசன் போன கைக்கு யாரு தம்பி வளைகாப்பு வளையல் குடுப்பாக?"

"வாச்சு கட்டுன கைக்குன்னு அவ குடுத்தனுப்புனா ஆத்தா."

போட்டுக்கொண்டேன். யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் தனிக்கதை.

கதை இத்தோடு நின்றிருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். ஆண் பிள்ளை பிறந்தது. அந்த வகுப்பில் அதிகமாக அமைதி அடைந்ததற்குக் கம்பெனியிலிருந்து சர்டிபிகேட் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு உத்தரவும் வந்தது. இவ்வளவு நெருக்கடியிலும் இவ்வளவு அமைதியாக இருக்கிறவர் ஒரு கிளையில் முடங்கக் கூடாது, சென்னைக்கு வந்து எல்லாக் கிளைகளின் மன அமைதிக்கும் இவரே பொறுப்பேற்க வேண்டும் என்று. பெண்டாட்டி பிள்ளையோடு போனார். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அதில் குறையில்லை.

இப்போது மாடியில் அதே ஆபீஸுக்கு வேறொரு மேனேஜர் தம்பி. போன வாரம் படியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், லீவு கேட்டாராம்.

"சென்னையில ஒரு சார் பேசுனாருங்க ஆத்தா. திட்டவே இல்லை. ரொம்ப சாந்தமான குரல். 'ஒங்க வாச்சு பச்சையாத்தான இருக்கு, மூச்சை நல்லா இழுத்து விடுங்க, கவலை ஒரு மேகம்'னு சொல்லிட்டு வச்சுட்டாரு."

அந்தச் சார் யாரென்று நான் சொல்லவில்லை. வாச்சை எங்கே கழட்டி வைத்துப் பேசினீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் துவைகல்லைப் பார்த்தார்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் என் பேத்தி இருக்கிறாள். சின்னவன் மகள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று இந்த மாசம் என்னோடு இருக்கிறாள். அவள் கம்பெனியும் ஒரு வாச்சு கொடுத்திருக்கிறது. இப்போதுதான் போன் வந்தது. எழுந்து நின்றாள். வாச்சைக் கழட்டி என் வெற்றிலைத் தட்டில் வைத்தாள். வாசல் பக்கம் போய், "இட்ஸ் ஓகே சார், நோ ப்ராப்ளம் சார்" என்று சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வந்தாள். நான் மூணாப்புத்தான். ஆனால் அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

"எழுதி முடிச்சிட்டியா அப்பத்தா?"

"முடிச்சிட்டேன். வா ஆத்தா, இப்புடி உக்காரு. எழுத்துப் பிழை இருந்தா இருந்துட்டுப் போகுது, முழுசா எனக்கு வாசிச்சுக் காட்டு. மொதல்ல அந்த வாச்சை எடுத்துக் கட்டு. கழட்டாம வாசி."